மூன்று விரல்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்.
ஏழாம் வகுப்பு, இருபத்தாறு பேர்.
மேட்டூர்த் தண்ணீர் குடமுருட்டிக்கு வந்து பத்து நாள்;
சேறு குழப்பும் டிராக்டர்
என் குரலை அமுக்கிக்கொண்டிருந்தது.

ஒன்றியத்திலிருந்து வந்த படத்தை ஆணியில் மாட்டினேன்.
கருகிய நுரையீரல்.
"டீச்சர், இது ஆட்டு ஈரலா?"
என்றது பின்பெஞ்சு.
சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.
சினிமா தொடங்குமுன்
இதைவிடக் கோரமாகப் பார்த்த பிள்ளைகள்.

படத்தைச் சுருட்டிவைத்துவிட்டு
பயிற்சி முகாமில் ஒரு பல் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்:
வாயைத் திற.
மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி
முன்பற்களுக்கு நடுவே நுழை.
நுழைந்தால் சரி.
புகையிலையும் பாக்கும் ஒதுக்கி ஒதுக்கிக்
கன்னத்தின் உள்தோல் இறுகிப்போனால்
நுழையாது.

வகுப்பே வாயைப் பிளந்தது.
எச்சில் முழங்கை வரை.
ரிஸ்வானா நான்கு விரலை நுழைத்து ஜெயித்தாள்,
தொண்டையில் இடித்து இருமினாள்.
வீட்டில் எல்லோருக்கும் பார்த்து வாருங்கள் என்றேன்.
யாரையும் திட்டக் கூடாது.
எண் மட்டும்.

திங்கட்கிழமை நோட்டுகள்:
அப்பா 3. அம்மா 3.
அண்ணன் 3, ஆனால் பல் சிவப்பு.
சித்தப்பா திறக்கவில்லை, அடித்தார்.
மாமா கடித்துவிட்டார்.
சபரீசன் நோட்டில் ஒரே வரி:
அம்மா 2.
கீழே பென்சிலில், சின்னதாக:
யார் விரல் என்று நீங்கள் சொல்லவில்லை டீச்சர்.
என் விரல்.

கையைக் காட்டச் சொன்னேன்.
நாற்றுத் தாள் மாதிரி விரல்கள்.
அவற்றில் இரண்டு,
அவன் அம்மாவின் கையில் ஒன்றரைகூட வராது.

"என்னடா போடுவாங்க?"
"வெத்தல, சீவல், போயில.
நடவுன்னா விடியும்போதே ஒதுக்கிக்குவாங்க.
பதினோரு மணி வரைக்கும் பசிக்காதாம்."
கொஞ்சம் நின்று,
"இப்பல்லாம் கொழம்பே ஊத்திக்க மாட்டாங்க டீச்சர்.
வெறும் சோத்துல மோர்தான்.
எங்களுக்குப் பத்தட்டும்னு விடறாங்கன்னு நெனச்சேன்.
எரியுதாம்."

என் பாடக்குறிப்பில்
நிகோட்டின் இருந்தது, தார் இருந்தது,
ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று ஒரு கணக்கும் இருந்தது.
பதினோரு மணி வரைக்குமான பசி இல்லை.

சாயங்காலம் மதகடி வயலுக்குப் போனேன்.
பெண்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தபடி
பச்சையை ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.
மேனகா வரப்பேறி வந்தாள், முழங்கால் வரை சேறு.
என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பித் துப்பிவிட்டு
முந்தானையால் வாயைத் துடைத்தாள்.
வாய்க்கால் தண்ணீரில் அது சிவப்பாகக் கொஞ்ச தூரம் போயிற்று.

"ராத்திரி தூங்கும்போதும் வெரல வச்சுப் பாக்குறான் டீச்சர்.
என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"
அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியில் நின்றது.

தஞ்சாவூர் மெடிக்கல், புதன்கிழமை, காலை எட்டுக்குள் சீட்டு,
என்றேன்.
"நடவு முடியட்டும். இன்னும் ஒம்பது நாளு."
புதன்கிழமைக் கூலியை யார் தருவார்கள் என்று
அவளும் கேட்கவில்லை,
நானும் பேச்சை அங்கே கொண்டுபோகவில்லை.
திரும்பும்போது செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.
குனிந்து பிடுங்கி எடுத்து, கையிலேயே வைத்து நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் நோட்டின் பின்னட்டையில்
தேதி போட்டு எழுதியிருந்தான்:
2. 2. 2.
ஒரு இடத்தில் 3 போட்டு அடித்திருந்தான்.

இன்று புதன்.
காலை ஆறு பத்துப் பஸ்ஸில் அவர்களைப் பார்த்ததாகச்
சத்துணவு அக்கா சொல்கிறார்.
வயலில் மேனகாவைப் பார்த்ததாக
ரிஸ்வானா சொல்கிறாள்.
போனைக் கையில் பிடித்து
சபரீசன் பெயருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
வந்தான், வரவில்லை,
இரண்டே கட்டம்தான் இருக்கிறது.