அரைமணி நேர ஆகாயம்

அல்மாட்டிக்கு வடக்கே, பழைய சர்க்கரைக் கிடங்கில்
ஒரு விமானம் நிற்கிறது.
நிற்கிறது என்பதும் மரியாதைக்குத்தான்.
இறக்கை கிடையாது. வால் கிடையாது.
உடம்பின் நடுத்துண்டை மட்டும் அறுத்து வந்து
நான்கு மரக்கட்டைமேல் உட்காரவைத்திருக்கிறார்கள்.
உள்ளே ஆறு இருக்கை, பாலேட்டு நிறத் தோல்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு குழல்விளக்கு.
அதுதான் சூரியன்.
அதன் பொத்தான் என்னிடம் இருக்கிறது.

நான் ரௌஷான். துடைக்கிறவள்.
அரைமணிக்கு ஒன்பதாயிரம் டெங்கே, அவர்களுக்கு.
ஒரு பயணம் முடிந்து அடுத்தது ஏறும் முன்
நான்கு நிமிடம், எனக்கு.
கோப்பை விளிம்பில் உதட்டுச்சாயம்,
அடியில் மிச்சம் ஆப்பிள் சாறு
(சோடா ஊற்றினால் யாருக்கும் தெரியாது).
இருக்கை இடுக்கில் ஒருமுறை ஒட்டுநகம்,
ஒருமுறை அடகுக்கடைச் சீட்டு.

பெட்டியைத் தூக்கும் தோளிலேயே தெரிந்துவிடும்
உள்ளே ஒன்றுமில்லை என்று.
கோட்டின் விலைச்சீட்டைக் கிழிக்காமல்
கழுத்துக்குள் செருகியிருப்பார்கள்,
நாளைக்குக் கடையில் திருப்பித் தர.
"மேகம் கிடைக்குமா?" என்று கேட்ட பையனுக்கு
ஜன்னலில் பஞ்சு ஒட்டிக் கொடுத்தேன்.
நன்றி சொன்னான். நல்ல பையன்.
விரலெல்லாம் கார்ப்பட்டறைக் கறுப்பு.
படம் எடுத்து முடியும்வரை
கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை.
ஊரெல்லாம் கரிப்புகை, மலை தெரியவில்லை.
மெருயெர்ட் இறங்குகிறாள், இஸ்தான்புல்லிலிருந்து.
ஷோல்பான் ஏறுகிறாள், மிலானுக்கு.
என் இரும்புப் படிக்கட்டில், மூன்றாம் படியில்,
நேருக்கு நேர்.
இருவர் கோட்டுக்குள்ளும்
ஒரே பல் மருத்துவமனைச் சட்டை.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
கட்டிக்கொண்டு அழுதிருந்தாலும் சரிதான்.
"மன்னிக்கணும்" என்றாள் ஒருத்தி,
பேருந்தில் யார் காலையோ மிதித்தவள்போல.
"பரவாயில்லை" என்றாள் மற்றவள்.

ஷோல்பான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"எனக்கு எதிர்மேசை அவள்.
அவள் துபாய்ப் படத்தைப் பார்த்துத்தான் கடன் வாங்கினேன்."
இப்போதுதான் தெரிந்துவிட்டதே,
வீட்டுக்குப் போகலாமே என்றேன்.
"முப்பது நிமிடத்துக்குக் கட்டிவிட்டேனே."
நான் சூரியனைப் போட்டேன்.

நான் மட்டும் யோக்கியமா?
போன வசந்தத்தில், கிடங்கு பூட்டும் நேரம்,
துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு
இரண்டாம் இருக்கையில் உட்கார்ந்தேன்.
ஒரே படம். விளையாட்டுக்கு.
தங்கைக்கு அனுப்பினேன். அரால்ஸ்க்கில் இருக்கிறாள்,
கடல் விட்டுவிட்டுப் போன ஊர்.
தெருவே பார்த்துவிட்டு
ரௌஷான் பெரிய ஆளாகிவிட்டாள் என்றதாம்.
நான் மறுக்கவில்லை.
இரண்டு நாள். இரண்டே நாள் சுகமாக இருந்தது.

மூன்றாம் நாள் பீபிகுல் கூப்பிட்டாள்:
மகனுக்கு இடுப்பெலும்பில் அறுவை, நான்கு லட்சம்.
சொன்னேன்: அது விமானமில்லை, கிடங்கு.
அங்கே நான் துடைக்கிறவள்.
அந்த வெளிச்சம் குழல்விளக்கு.
அவள் நிதானமாகக் கேட்டாள்:
"பணம் கேட்டதும் விமானம் பொய்யாகிவிட்டதா, அக்கா?"

வருஷா வருஷம் அக்டோபரில்
அவள் காயவைத்த கருவாடு வரும்,
பழைய செய்தித்தாளில் சுற்றி.
மாடிப்படி முழுக்க நாறும்,
பக்கத்து வீட்டார் திட்டுவார்கள்.
இந்த முறை திட்ட அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.
நவம்பரும் போனது.

அடுத்த மாதம் முதலாளி
கிடங்கின் மறுபக்கம் ஒரு கடற்கரை போடுகிறாராம்.
மணல் வந்து இறங்கிவிட்டது, இரண்டு லாரி.
எங்கிருந்து என்று கேட்டேன்.
தெரியாது என்றான் ஓட்டுநர்.
அவன் போகும்வரை காத்திருந்து,
குனிந்து, விரல்நுனியில் தொட்டு,
நாக்கில் வைத்துப் பார்த்தேன்
உப்புக் கரிக்கிறதா என்று.