உப்புக்கு ஒரு நாக்கு

புரட்டாசி முடிய இன்னும் நாலு நாள்.
இருபது கிலோவுக்கு ஆர்டர்.
முடிந்த மறுநாள் விடிந்ததும்
சாட்ஸ்வொர்த் முழுக்க வாணலி காயும்.
ஒரு மாதம் பருப்பும் பூசணியும் தின்ற வாய்களுக்குக்
காத்திருக்கத் தெரியாது.

தொடைக்கறிதான் போடுவேன்.
நெஞ்சுக்கறி சாசேஜ் மரத்தூள்.
தோலையும் சேர்த்து அரைக்க வேண்டும், கொழுப்பு அதில்தான்.
வறுத்துப் பொடித்த மல்லி, சோம்பு,
இஞ்சி, பூண்டு, பெயர் சொன்னாலே தும்மவைக்கும் பச்சைமிளகாய்,
இரண்டு கை ஐஸ்.
கறி சூடேறினால் கொழுப்பு பிரிந்துவிடும்,
பிறகு யார் கெஞ்சினாலும் சேராது.

பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய ஆட்டுக்குடல்
உப்பில் சுருண்டு கிடக்கிறது.
மாட்டுக்குடல் என் வீட்டில் நுழையாது,
பன்றிக்குடல் ருக்கையா வீட்டில் நுழையாது.
கோழியும் ஆடும் ஹலால் கடையில் என்றால்
இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டி.
குழாய்முனையில் மாட்டித் தண்ணீர் திறந்தேன்.
தொட்டிக்குள் நெளிந்து எழுந்தது,
உயிர் வந்த மாதிரி.
மூடினேன்.
வெறும் நூல்.

ஆறு மணிக்குக் கரண்ட் போகும் என்று போட்டிருந்தார்கள்.
ஐந்தே முக்காலுக்குப் போயிற்று.
பாதிக் கறி மிஷினுக்குள்.
கைமிஷினை மேசையில் முடுக்கி
மீதியைச் சுற்றினேன், தோள் கழன்றது.

எல்லாம் சரி. உப்பு?
ஒரு துண்டு கிள்ளி கேஸில் பொரித்துப் பார்ப்பது வழக்கம்.
பொரித்தேன்.
வாசனை மூக்கு வழியே புகுந்து விரதத்தைக் கலைத்தது,
அதற்கு நான் பொறுப்பில்லை.
நாக்கில்தான் வைக்கக்கூடாது.
நடேசன் நாக்கும் உதவாது.
நான் கறி தொட்ட கையால் கொடுத்தால்
தண்ணீர்கூட வாங்கமாட்டான் இந்த மாதம்.

வேலிக்கு மேல் கூப்பிட்டேன், "தண்டேகா!"
நைட் டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் உடையில் வந்தாள்.
டார்ச் வெளிச்சத்தில் ஊதி ஊதி மென்றாள்.
"உசாவோட்டி," என்றாள். அவள் பாஷையில் உப்பு.
"இன்னும் ஒரு கரண்டி."
போட்டேன். மறுபடி கிள்ளி, மறுபடி பொரித்து.
"இப்போ சரி."

அவள் டாக்ஸிக்கு ஓடினாள்.
நான் விடியும்வரை குடலை நிரப்பினேன்.
காற்றுக்குமிழ் கண்ட இடத்தில் ஊசி,
ஒன்றை வலப்பக்கம் முறுக்கினால் அடுத்ததை இடப்பக்கம்,
இல்லையென்றால் மொத்தமும் அவிழ்ந்து சிரிக்கும்.

விரதம் முடிந்த ஞாயிறு
என் சட்டியிலும் கடுகு வெடித்தது.
வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி குழைந்து எண்ணெய் பிரிந்தபிறகு
சிவக்கப் பொரித்த சாசேஜை முழுசாகவே போட்டேன்.
பாதி பிரெட்டோடு வேலிக்கு மேல் நீட்டினேன்.

இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள்:
"எனக்கு ருசி தெரியாது, கோகி.
அந்தக் காய்ச்சல் வார்டில் கிடந்த வருஷத்திலிருந்து.
காரம் எரியும், சூடு சுடும். மற்றது ஒன்றுமில்லை."

"அன்றைக்கு உப்பு?"

"பிரஷர் பேஷண்டுக்குப் போடுகிற மாதிரி
உன் கை பயந்து பயந்து தூவியிருக்கும் என்று நினைத்தேன்."

ருக்கையா இன்னும் இரண்டு கிலோ கேட்டிருக்கிறாள்.
யூனிட் ஏழு டிரைவர் உப்பு தூக்கல் என்றார்,
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.
என்னைக் கேட்காதீர்கள்.
முப்பது நாள் கழித்து எந்த உப்பும் சரிதான்.

தண்டேகா அடுத்ததை எடுத்தாள்,
பல் பட்டதும் தோல் வெடித்தது,
படக்கென்று.
"இது கேட்கிறது," என்றாள்.