செல்லாதவை

தாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்,
பஸ் காசு தனி.
இறையியல் கல்லூரிக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி,
அதன் கீழே மூன்று கட்டம்:
விசுவாசத்தினால் மட்டும் இரட்சிப்பு.
விசுவாசமும் நற்கிரியையும் சேர்ந்து.
தெரியாது.

சேலத்தில் எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்பது
அவர்களுக்கு வேண்டும்.
எனக்கு வேண்டியது மார்ச் மாத வாடகை.

தொடங்குமுன்பே அஸ்தம்பட்டி ஆயர் சொல்லிவிட்டார்:
"நம்ம சபையில நூத்துக்கு நூறு முதல் கட்டம்தான் தம்பி,
வாராவாரம் அதைத்தானே சொல்றேன்."
நூறு என்று பென்சிலில் எழுதிக்கொண்டேன்,
அழிக்க வசதியாக.

சிவதாபுரத்தில் கொலுசுக்குப் பற்றவைக்கும் யாபேஸ்
தலை நிமிராமல் முதல் கட்டம் என்றார்.
சுவரில் லெந்து கால உபவாச அட்டவணை,
நாற்பதில் முப்பத்தொன்று அடித்திருந்தது.
மட்டும் என்றால் இது எதற்கண்ணா என்றேன்.
"அது வேற கணக்கு."
ஊதுகுழலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மாப்பேட்டையில் மனைவிக்கும் சேர்த்து
வீட்டுக்காரரே பதில் சொன்னார்.
தெருமுனைவரை செருப்பில்லாமல் ஓடிவந்து
கேத்துராள் தன் தாளைப் பிடுங்கி
இரண்டாவதில் போட்டுக் கொடுத்தாள்.
"இத்தனை வருசம் நான் செஞ்சதெல்லாம்
எங்கயாவது எழுதியிருக்கணும்ல."

இரும்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர்
எதில் போட்டால் சீக்கிரம் முடியும் என்றார்.
பெந்தெகொஸ்தே சபை வாசலில் கித்தார்க்காரப் பையன்
நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து
ஞானஸ்நானம் என்று எழுதி, தானே டிக் செய்தான்.
(அதை இரண்டாவதில் சேர்த்துவிடச் சொன்னார்கள் கல்லூரியில்.)
ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் தின்றபடி ஒரு அம்மா,
"நாங்க நாலு தலைமுறையா வேதக்காரங்க,
எங்களப் போயி கேக்குறியே?"

வெள்ளிக்கிழமைக்குள் முந்நூற்றுத் தொண்ணூறு தாள்.
ஆயரின் நூறு கரைந்து நாற்பத்தாறில் நின்றது.
அதுவும் மட்டும் என்ற சொல்லை
நிறுத்தி வாசித்தால் நாற்பத்தாறு.
வேகமாக வாசித்த வீடுகளில் அறுபது.
ஒரு சொல்லின்மேல் எவ்வளவு நேரம் நிற்பது என்று
பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

மீதிப் பத்துத் தாளோடு ஏற்காடு பஸ்.
நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில்
தார்ப்பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார் ஏனோக்கு.
கேள்வியை இரண்டு முறை வாசித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை.

"என் மகன் பதினாலு வயசுல கன்வென்ஷன்ல கையத் தூக்கினான்.
அழுதான். நானும் பக்கத்துல நின்னேன்.
அப்புறம் பத்து வருசம் கோயில் பக்கமே வரல. குடி.
போன ஐப்பசியில பதினேழாவது வளைவுல
பைக்கோட..."

மிளகைக் கையால் கிளறினார்.
கிளறின இடத்தையே திரும்பக் கிளறினார்.

"அன்னிக்குத் தூக்கின கை செல்லுமா, செல்லாதா?
அத மட்டும் சொல்லு.
நீ சொல்ற கட்டத்துல போடறேன்."

பதில் சொல்பவருக்குக் குறிப்பு எதுவும் தரக்கூடாது:
விதி மூன்று.
அது இல்லாவிட்டாலும் என்னிடம் ஒன்றுமில்லை.
மஞ்சு இறங்குகிறது, மிளகு நனையும் என்றேன்.
ஆளுக்கு இரண்டு முனை பிடித்து
தார்ப்பாயைக் கொட்டகைக்குள் இழுத்தோம்.
சிந்தியதை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.
நானும் பொறுக்கினேன்.

கடைசி பஸ்ஸுக்கு முன் தாளைக் கொடுத்தார்.
முதல் கட்டத்தில் மகன் பெயர்.
இரண்டாவதில் தன் பெயர்.
மூன்றாவதில் டிக்.

அறிக்கையில் சதவீதங்கள் தசமப் புள்ளியோடு இருக்கின்றன.
அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில்
செல்லாதவை: 1.
தட்டச்சு செய்தது நான்தான்.
செல்லாததற்கும் பன்னிரண்டு ரூபாய் உண்டு என்றார்கள்.
எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.