கால் திருகு

நார்வா நகரில் பிப்ரவரி.
ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் மாடிப் பட்டறையில்
பற்றவைப்புக் கோல் சூடேறிக்கொண்டிருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே ஆறு.
ஆற்றின் அக்கரை வேறு நாடு,
அங்கே மணிகூட ஒன்று கூடுதல்.

அன்ஃபீசாவுக்கு நாற்பத்தேழு வயது.
பதினைந்து வருஷம் நெசவாலையில் நின்றவள்.
தறிகளுக்கு மேலே பேசப் பழகியது தொண்டை.
பிறகு ஆலையை மூடினார்கள்.
தொண்டைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

வகுப்பறைக்கு உதவுகிற ஏதாவதொன்றை
அவரவர் கையால் செய்துவர வேண்டும்.
க்ரேட்டெ அட்டையில் பின்னக் கடிகாரம் வெட்டினாள்.
பின்வரிசைப் பையன் முப்பரிமாண அச்சில்
சதுரங்கக் குதிரை எடுத்தான்,
கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை.
அன்ஃபீசா தேர்ந்தது சத்தம் காட்டும் பெட்டி:
ஒரு மைக், ஒரு சிறு பலகை, மூன்று விளக்கு.
அமைதி பச்சை, சலசலப்பு மஞ்சள்,
கூச்சல் சிவப்பு.

இரண்டு மாலை சிவப்பு எரியவே இல்லை.
விளக்கைத் தலைகீழாய்ப் பொருத்தியிருந்தாள்.
அதைக் கண்டுபிடித்தபோது கட்டைவிரலில் ஒரு கொப்புளம்,
வாயில் ஒரு ரஷ்ய வசவு.
பெட்டியின் முதுகில் ஒரு திருகாணி.
வலது பக்கம் திருப்பினால் காது மந்தமாகும்,
இடது பக்கம் திருப்பினால் பாம்புச் செவி.
நடுவில் நிறுத்தினாள்.

மூன்றாம் வகுப்பு. பின்னங்கள்.
பாடம் எஸ்டோனிய மொழியில்தான்.
நமக்கு எட்டு வேற்றுமை,
அதற்கே தலையில் குட்டு வாங்கியிருக்கிறோம்.
அந்த மொழிக்குப் பதினான்கு.
உருபு தெரியாத இடத்தில் அன்ஃபீசா
குரலை ஏற்றிவிடுவாள்,
பள்ளம் தெரியாத தெருவில்
வண்டியை விரட்டுகிறவர் மாதிரி.

பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள்.
கடைசி பெஞ்சில் மதிப்பெண் போடுகிறவர்
பேனாவைத் திறந்தார்.
பிள்ளைகள் மூச்சடக்கி விளக்கையே பார்த்தார்கள்.
பச்சை.
"காலை வணக்கம்" என்றாள்.

சிவப்பு.

"அது கோளாறு, கவனிக்காதீர்கள்."
சிவப்பு.
"அரை என்றால் என்ன?"
சிவப்பு, சிவப்பு.
இருபத்திரண்டு தலைகள்
பெட்டிக்கும் அவளுக்குமாய்த் திரும்பின.
ஒருவன் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துவைத்தான்.

சட்டைப்பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது.
ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் போனாள்.
கால் திருகு போதும், ஊர் அடங்கிவிடும்.
விரல் திருகாணியைத் தொட்டும்விட்டது.

அப்போது முன்வரிசை உல்யானா
பென்சிலைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்து
கிசுகிசுத்தாள்:
"அரை என்றால்
அக்காவும் நானும்
சண்டை போடாமல் இருக்கிற அளவு."

பச்சை.

அன்ஃபீசா அங்கேயே நின்று,
கையைப் பையில் வைத்தபடி,
கிசுகிசுவென்றே கேட்டாள்:
"அப்படியானால் கால்?"
விளக்கு மஞ்சளுக்கு வந்து யோசித்து
பச்சைக்குத் திரும்பியது.
அந்த மொழியில் அவள்
இதுவரை மெதுவாய்ப் பேசியதே இல்லை.
மெதுவாய்ப் பேசினால்
உருபுகளின் வால் காற்றில் கரைந்துபோகிறது,
பிழை எது என்று யாருக்கும் கேட்பதில்லை.
இது முன்பே தெரிந்திருந்தால்!

அரைமணி நேரம் மொத்த வகுப்பும்
திருடர் கூட்டம் போலப் பேசியது.
முக்காலைப் பங்கு போட்டார்கள்,
எட்டில் மூன்றைக் கடத்தினார்கள்.
மணி அடித்தது. சிவப்பு.
யாரும் அதைக் குற்றம் சொல்லவில்லை.

மாலையில் பட்டறையில் அறிக்கை எழுதினாள்.
க்ரேட்டெ எட்டிப் பார்த்து,
"திருத்த வேண்டியவை என்ற கட்டம் காலியாய் இருக்கிறதே" என்றாள்.
அன்ஃபீசா கொப்புளத்தை ஊதிவிட்டு எழுதினாள்:
கருவி சரியாக வேலை செய்கிறது.
திருகாணிக்கு மட்டும் ஒரு மூடி வேண்டும்,
யாரும் கை வைக்காதபடி.

யாரும் என்றால் யார் என்று
அவள் எழுதவில்லை.