ஒப்புநோக்கு

பொரளைச் சந்தியை மழை பிடித்துக்கொண்ட புதன்கிழமை
நவ்ஷாத் கொண்டுவந்த நீல ஐஸ்பெட்டிக்குள்
பதினொரு குழாய்கள். ஊதா மூடி.
உனக்குப் பெயரில்லை, இலக்கம் மட்டும்.
அதைத்தான் இரண்டு தரம் வாசித்துக்
கையெழுத்து வைத்தேன்.

சுழற்றினால் சிவப்பு கீழே இறங்கும்.
மேலே நிற்பது
பிளேன்டீயில் இன்னும் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டது மாதிரி
ஒரு வெளிறல்.
அதற்குள் இருக்கிறது எவர் கண்ணுக்கும் படாத பிரதி.
நான்கே எழுத்து.
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது,
ஆய்தம்போல் தனித்து.

என் அறைத்தோழி மெற்றில்டா
கிராண்ட்பாஸில் ஒரு பத்திரிகைக்கு ஒப்புநோக்காளர்.
இரவுப் பக்கங்களை முடித்து, விரலில் சிவப்பு மையோடு
கொட்டாஞ்சேனை மாடிப்படி அவள் ஏறும்போது
நான் வெளிக்கிட்டுக்கொண்டிருப்பேன்.
ஒருநாள் கேட்டாள்:
உங்கடை கிருமி அப்பிடி என்னதான் செய்யிறது?
பிரதி எடுக்கும்.
அவ்வளவுதானோ?
பிழை பிழையாய் எடுக்கும். திருத்த ஆளில்லை.
அந்தப் பிழையாலேயே தப்பும்.
கொண்டை ஊசியைப் பல்லில் கவ்வியபடி யோசித்தாள்.
"எங்கடை ஆசிரியருக்குச் சொல்லிப்போடாதை."

நாலரை மணிக்குத் திரையில் நீ வந்தாய்,
முகடு முகடாய், நான்கு நிறத்தில்.
கரண்ட் ஒருமுறை போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்வரை
நானும் உதேனியும் மூச்சு விடவில்லை.
பிறகு
நூற்றி எண்பத்து நான்காவது இடத்தில்
பச்சை நிற்கவேண்டிய முகட்டில் கறுப்பு.
ஏ போய் ஜி.
மெற்றில்டாவின் அலுவலகத்தில்
ஒரு புள்ளி விழாமல் போனதற்கு வருத்தம் அச்சிடுவார்கள்.
இங்கே ஒரு குளிசை வேலை செய்யாமல் போகும்.

நீ குளிசையை விட்டாயா,
அல்லது விட வைத்தார்களா,
பேஸ்லைனில் கடை துடைக்கிறவனா, வங்கியில் கையொப்பம் பார்க்கிறவளா,
குளிசைப் போத்தலின் லேபலைக் கிழித்துவிட்டு
விற்றமின் என்று வீட்டில் சொன்னாயா,
கிளினிக் நாளில் லீவு கேட்க என்ன பொய் மிச்சம் இருந்தது,
முகடுகளில் அதற்கு நிறமில்லை.

மரம் வரைந்தபோது
உன் கிளைக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில்,
இன்னோர் இலக்கம் வந்து உட்கார்ந்தது.
யாரிடமிருந்து யாருக்கு என்று மரம் சொல்லாது.
சொல்வதாக நினைக்க ஆசையாக இருக்கும்.
கோடு போட்டேன். அம்பு போடவில்லை.

அறிக்கை ஒரு பக்கம்.
இந்த மருந்து கேட்காது, வேறு பாருங்கள்
என்பதைத்தான் நீட்டி எழுதியிருந்தோம்.
போன அறிக்கைகள் எதுவும்
திரும்பி வந்து சுகம் சொன்னதில்லை.

ஏழு மாதத்தின் பின் அதே இலக்கம்.
அதே ஊதா மூடி.
மறுபடி பிரித்தேன், மறுபடி பெருக்கினேன்.
ஜெல்லில் உன் வரிசை வெறுமை.
பக்கத்துக் கட்டுப்பாட்டு மாதிரி பளிச்சென்று எரிந்தது.
என் கையில் பிழை என்று நினைத்தேன்.
"திரும்பச் செய்," என்றாள் உதேனி.
திரும்பவும் வெறுமை.

கிளினிக்குக்குப் போன் எடுத்தோம்.
"சமாவென்ன மிஸ்," என்றது புதிய கிளார்க்கின் குரல்,
"பெட்டி மாறி அடையாளம் போட்டுவிட்டேன்.
வைரஸ் எண்ணத்தான் அனுப்பியது.
எண்ணிப் பார்த்த குழாயின் முடிவு இப்போதுதான் வந்தது.
கண்டறிய முடியவில்லையாம்."

உதேனி இரண்டு நாள் ரசாயனக் கணக்கை
உரத்துக் கூட்டித் திட்டினாள்.
நான் அந்த வெறும் வரிசையைப் படமெடுத்துக்
கோப்பில் வைத்தேன்,
தேவையில்லாதபோதும்.

அடுத்த காலை மாடிப்படியில் மெற்றில்டா.
இலக்கம் சொல்ல முடியாது. எதுவும் சொல்ல முடியாது.
"நேற்று நல்ல பிழை ஒண்டு," என்றேன்.
பாதி நித்திரையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே
"எத்தனையாம் பக்கம்?" என்றாள்.