தொண்ணூறு நாள்

சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருவில்,
ஒரு வீட்டுக்குள் போக நான்கு சாவி வேண்டும்.
வெளிக்கேட், கம்பிக்கேட், கதவு,
படுக்கையறைக்கு முன்னால் இன்னொரு கம்பிக்கேட்.
மதில்மேல் மின்வேலி
இரவெல்லாம் டிக் டிக்கென்று சொல்லிக்கொண்டிருக்கும்.
நாய் வேறு.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்துக்குள்
என் சாப்பாட்டு மேசையிலிருந்தே போய்விட்டேன்.
சாவி கேட்கவில்லை.
தட்டில் பருப்பு ஆறிக்கொண்டிருந்தது.

காசு வாங்கிக்கொண்டு நுழைகிறவள் நான்.
நகராட்சி தந்த கடிதம் உண்டு, முத்திரையோடு.
அதையும் அது கேட்கவில்லை.

உள்ளே பேசும் மொழி பழையது.
ஏதோ ஒரு ஆலைக்குள், ஒரே ஒரு கம்பியில்,
வெளி என்று ஒன்று இல்லாத காலத்தில்
எழுதிவைத்தது.
படி என்றால் படிக்கும்,
எழுது என்றால் எழுதிக்கொள்ளும்.
யார் நீ என்ற கேள்வி மட்டும்
அதன் அகராதியில் கிடையாது.
கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
சந்தேகப்படக் கற்றுக்கொடுக்காமல் வளர்த்துவிட்டார்கள்.
பிறகு ஒருநாள், வேலை சுலபமாகட்டும் என்று
நடுச்சந்தையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

நாற்பதாயிரத்துப் பதினேழாம் கட்டத்தில்
குன்றின்மேல் இரும்புத் தொட்டியின் நீர்மட்டம்:
அறுபத்திரண்டு.
சோதனைக்காக அதை அப்படியே நிறுத்திவைத்தேன்.
கீழே ஊர் அரிசி களைந்தது, குளித்தது,
பிள்ளைகளைக் குளிப்பாட்டியது.
திரையில் அறுபத்திரண்டு.
பம்ப் தூங்கியது.

நாற்பதாவது நிமிடம் போன்.
இரவு ஷிப்ட் லுங்கிலே செலே.
"இது நீதானே?"
எப்படித் தெரிந்தது என்றேன்.
"சனிக்கிழமை ராத்திரி இந்த எண் அசையாமல் இருந்தால்
ஒன்று ஊர் செத்திருக்கணும், இல்லை திரை.
ஏறிப்போய் ஸ்பானரால் தட்டினேன்.
தண்ணீர் என் இடுப்புக்கு இறங்கிவிட்டது.
போதும், விடு."

விட்டேன். அறிக்கை எழுதினேன்.
பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு அபாயம்.
பள்ளியில் நான் வாங்காத மார்க்.
செய்த கம்பெனி நன்றி சொன்னது.
தொண்ணூறு நாள் கேட்டது.
அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.
கையெழுத்துப் போட்டேன்.

ஐம்பதாம் நாள் திருத்தம் வந்தது.
பொருத்த நான்கு மணி நேரம் பம்பை நிறுத்த வேண்டும்.
முதல் தடவை ஈஸ்டர்.
இரண்டாம் தடவை பெரிய குழாய் உடைந்தது.
மூன்றாம் தடவை எல்லோரும் வந்தோம்,
மடிக்கணினி கொண்டுவர வேண்டியவன் வரவில்லை.

லோட்ஷெடிங் இரவுகளில் மட்டும்
நிம்மதியாகத் தூங்கினேன்.
கரண்ட் இல்லாத பம்பை எவன் என்ன செய்வான்?
அந்த நேரத்தில் பொருத்தலாமே என்றேன்.
பொருத்தக் கரண்ட் வேண்டுமே என்றார்கள்.

எழுபத்தோராம் நாள், காரணமில்லாமல்,
நான்கு வாளி எடுத்து முற்றத்துக் குழாயடியில் வைத்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் சலோஷினி
துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
"தண்ணி நிறுத்தப் போறாங்களா?"
"இல்லை. நோட்டீஸ் எதுவும் வரவில்லை."
உண்மைதான்.
அவள் வாளியைப் பார்த்தாள்.
என் முகத்தை அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.
கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் வீட்டுக் குழாய் திறக்கும் சத்தம்.
பிறகு எதிர்வீடு.
பிறகு வளைவில் இருக்கும் கடைக்காரர் வீடு,
டிரம்மை உருட்டிக்கொண்டு வரும் அவர் மருமகன்.
விளக்கேற்றும் நேரத்துக்குள்
குன்றின் இந்தப் பக்கம் முழுக்க
தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

போன்.
"ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பது.
இவ்வளவு வேகமாக ஒருநாளும் இறங்காது.
இது நீயா?"

லுங்கிலேயிடம் என்ன சொல்ல?
ஏறிப்போய்த் தட்டிப் பார் என்றேன்.