கூட

ஏழு வருடம் இந்தப் பள்ளிக்கு
நான் வருகையாளர்.
பீடோங் தாண்டி, செம்பனைக்குள் நாலு கல்.
ஆலை லோரியின் புழுதி அடங்கும்வரை
காருக்குள்ளேயே இருந்து
அப்புறம் கதவைத் திறப்பேன்.

மடியில் படிவம். நாற்பத்திரண்டு கட்டம்.
ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து நாலுக்குள் ஓர் எண்.
வாசிப்பு மூலை, மூன்று.
தலைமைத்துவம், இரண்டு.
சுவரொட்டிகளின் நேர்த்தி, நாலு;
பசை இன்னும் ஈரம்.
நாலு நம்பர் எழுதுகிறவர்கள்கூட
கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுவார்கள்.
பத்தரைக்கு மீ கோரிங். பதினொன்றுக்குக் கையெழுத்து.

எண் குறைந்தால் மருந்து ஒன்றுதான்:
சுங்கை பட்டாணி ஓட்டலில் இரண்டு நாள் பட்டறை.
முப்பத்தொரு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும்
ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும்
ஒரே கோப்பு, ஒரே பேனா, ஒரே பாயாசம்.
ஏழு ஆசிரியர்களில் நால்வர் இங்கே வந்துவிட்டால்
அங்கே பாடம் நடத்துவது யார்
என்று கேட்க என்னிடம் கட்டம் இல்லை.

இந்த வருடம் உத்தரவு மாறியது.
இருபது பள்ளி வேண்டாம், மூன்று போதும்.
எண் வேண்டாம். இரு. பார். கூடச் செய்.
'கூட' என்றால் என்னவென்று
கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

முதல் வாரம் நான் நுழைந்தால்
சுகிர்தன் சாரின் குரல் சட்டென்று செந்தமிழாகும்.
பிள்ளைகளுக்கு முதுகு நிமிரும்.
தலைமையாசிரியை கோமளவல்லி
இருந்த ஒரே மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.
விருந்தாளிக்கும் அதுதான், வேண்டாதவருக்கும் அதுதான்.

இரண்டாம் வாரம் எண்ணினேன்.
மாதத்துக்கு அவர் அனுப்பும் அறிக்கை பதினேழு.
அதில் மூன்று கேட்பது ஒரே விஷயம்.
மூன்றில் இரண்டு, நான் கேட்டவை.
அன்று தே ஓ தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாம் வாரம், வாசலைப் பார்த்தபடி சுகிர்தன்:
"ஒரு நாள் என் கிளாஸ நீங்க எடுப்பீங்களா மேடம்?
பக்கத்துத் தோட்டத்துல அமலோற்பவம் டீச்சர்
கூட்டு வகுப்ப எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு
பின்னாடி உக்காந்து பாக்கணும்.
எட்டு வருஷமா நெனைக்கிறேன்.
இங்க விட்டுட்டுப் போக ஆள் இல்ல."

எடுத்தேன்.
மூன்றாம் ஆண்டு ஐந்து பேர், நாலாம் ஆண்டு ஆறு பேர்,
ஒரு அறை, ஒரு பலகை.
இந்தப் பக்கம் கழித்தல், அந்தப் பக்கம் பின்னம்.
ஐந்நூற்று மூன்றில் இருநூற்று எழுபத்தெட்டு போக.
பக்கத்துப் பூஜ்யத்திடம் கடன் வாங்கச் சொன்னேன்.
"அதுகிட்டயே ஒண்ணும் இல்லியே டீச்சர்" என்றாள் யாழரசி.
விளக்க வாய் திறந்தேன்;
ஆலைச் சங்கு ஊதியது.
ஊதி ஓய்ந்தபோது பின்னத்தின் பக்கம் அடிதடி.
பலகையில் நான் எழுதியிருந்தது
இருநூற்று முப்பத்தைந்து.
தப்பு.
கண்டுபிடித்தது கடைசி வரிசை.

பட்டறையில் இதே பாடத்துக்கு
நான் ஸ்லைடு காட்டியிருக்கிறேன்.

சுகிர்தன் திரும்பி வந்ததும்
மேசைகளை முதுகோடு முதுகாகப் போட்டார்.
பின்சுவருக்கு இன்னொரு பலகை வேண்டும்.
கழிவறையின் பழைய கதவு கிடந்தது.
கறுப்பு பெயின்ட் அவர் வாங்கினார், தூரிகை என் கையில்.
ஏழு வருடத்தில் இங்கே நான் செய்த
முதல் வேலை.

நேற்று அலுவலகத்திலிருந்து வந்தது,
புதிய முறைக்கும் ஒரு படிவம்.
பழைய நாற்பத்திரண்டும் அப்படியே, கூட ஒன்று:
'உடனிருந்ததன் தாக்கம். ஒன்றிலிருந்து நாலுக்குள்.
வெள்ளிக்கிழமைக்குள்.'

எழுதினேன்:
கதவு ஒன்று. இன்னும் காயவில்லை.
எண் மட்டுமே ஏற்கப்படும் என்றது திரை, சிவப்பில்.
யாழரசியின் பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தேன்.
அதையும் ஏற்கவில்லை.

கணினியை மூடிவிட்டேன்.
காலையில் மறுபடி ஐந்நூற்று மூன்று.
சங்குக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும்.